24 வோல்ட் சர்க்யூட்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி?

கேள்வியை ஒருமுறை நானே திருப்பிச் சொல்லிவிடுகிறேன். 24 வோல்ட் டிசியில் ஓடும் ஒரு கன்ட்ரோல் போர்டு. அதற்கு மின்சாரம் ஒரு ரெடிமேட் அடாப்டரிலிருந்து வருகிறது. போர்டுக்குள் சென்சார் பக்கம் தனி, மைக்ரோகன்ட்ரோலர் பக்கம் தனி. நடுவில் "1000 வோல்ட் ஐசொலேஷன்" என்று டேட்டாஷீட்டில் போட்ட ஒரு சின்ன டிசி-டிசி மாட்யூலும் சிக்னலை ஒளி வழியாகக் கடத்தும் இரண்டு ஆப்டோகப்ளர்களும் இருக்கின்றன. இந்த இரண்டு பக்கங்களுக்கும் நடுவே பிசிபியில் (செம்புக் கோடுகள் பதித்த பலகையில்) எவ்வளவு இடைவெளி விட வேண்டும்? ஒருவர் 8 மி.மீ. என்கிறார், இன்னொருவர் அரை மி.மீ. போதும் என்கிறார். போர்டில் இடம் இல்லை, 1 மி.மீ. வைத்தால் ஆபத்தா? இதுதான் கேள்வி. அப்புறம் கடைசி வரியில், போகிற போக்கில், "ஒரு ரிலேவும் உண்டு, அது 230 வோல்ட் பம்ப்பை ஆன் ஆஃப் செய்யும்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

அந்தக் கடைசி வரியைப் படித்ததும்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். நீங்கள் கேட்டது ஒரு இடைவெளியைப் பற்றி, ஆனால் உங்கள் போர்டில் இருப்பது இரண்டு வேலி. சென்சாருக்கும் மைக்ரோவுக்கும் நடுவில் ஒன்று. ரிலேவில் 230 வோல்ட் போகும் கான்டாக்டுக்கும், அதை இயக்கும் 24 வோல்ட் பக்கத்துக் காயிலுக்கும் நடுவில் இன்னொன்று. முதல் வேலி உடைந்தால் ரீடிங் தாறுமாறாக வரும், மிஞ்சிப்போனால் ஒரு ஐசி போகும். இரண்டாவது உடைந்தால், சென்சார் வயரைத் தொடுகிறவர் மெயின்ஸைத் தொடுகிறார். இரண்டுக்கும் சேர்த்து ஒரே எண்ணைத் தேடியதால்தான் 8 என்றும் அரை என்றும் பதில் வந்திருக்கிறது. சொன்ன இருவருமே தப்பாகச் சொல்லவில்லை, ஆளுக்கு ஒரு வேலியை மனதில் வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்கள்.

பவர் சப்ளையும் கன்ட்ரோல் போர்டும் வடிவமைப்பது, அவற்றைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புவது, அவர்கள் சிவப்பு மையில் குறித்துத் திருப்பி அனுப்பியதைத் திருத்துவது, இதுதான் பல வருடங்களாக என் வேலை. சான்றிதழ் கொடுக்கும் இடத்தில் நான் இல்லை. உங்கள் போர்டையும் பார்க்கவில்லை. ஆகவே கீழே தரும் எண்களை வடிவமைப்பைத் தொடங்கும் புள்ளியாக எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பொருள் எந்தத் தரநிலைக்குள் வருகிறதோ அதன் அட்டவணைதான் கடைசியாகச் செல்லும்.

முதலில் இரண்டு சொற்கள். இரண்டு செம்புகளுக்கு நடுவே காற்றில் நேராகப் போகும் மிகக் குறுகிய தூரம் கிளியரன்ஸ். மின்காப்புப் பொருளின் மேற்பரப்பை ஒட்டியே போகும் மிகக் குறுகிய தூரம் கிரீப்பேஜ். ஈ பறந்து போகும் வழி ஒன்று, எறும்பு ஊர்ந்து போகும் வழி இன்னொன்று என்று வைத்துக்கொள்ளலாம். தட்டையான பிசிபியில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். அதனால் பலர் இரண்டையும் ஒரே விஷயம் என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் இரண்டும் காப்பது வேறு வேறு ஆபத்திலிருந்து. அதைப் புரிந்துகொண்டால் அட்டவணையில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

காற்றைப் பற்றி எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. சாதாரண வளிமண்டலத்தில், இரண்டு உலோகங்களைச் சில மைக்ரான் வரை நெருக்கமாகக் கொண்டுவந்தாலும், சுமார் 327 வோல்ட்டுக்குக் கீழே காற்று உடைந்து பொறி பாயாது. பாஷன் என்பவர் 1889-இல் கண்ட விதியிலிருந்து வருவது இது. அந்தக் குறைந்தபட்சமே ஏழெட்டு மைக்ரான் இடைவெளியில்தான் வரும். இப்போது 230 வோல்ட் மெயின்ஸின் உச்சத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 325 வோல்ட். அதாவது மெயின்ஸ் அமைதியாக ஓடிக்கொண்டிருக்கும்வரை, சுத்தமான காற்றிடைவெளியைத் தாண்ட அதற்கு வலுவில்லை. 24 வோல்ட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். அப்படியானால் கிளியரன்ஸ் எதற்கு? லைனில் வந்து இறங்கும் சர்ஜுக்காக. எங்கோ இடி விழுந்ததும், பக்கத்தில் பெரிய மோட்டார் நின்றதும் மைக்ரோ வினாடிக் கணக்கில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக வந்துபோகும். 230 வோல்ட் லைனில் பிளக் போட்டு ஓடும் சாதனத்துக்கு 2500 வோல்ட் சர்ஜ் வரும் என்று வைத்துக் கணக்கிடச் சொல்கிறது மின்காப்பு இடைவெளிகளுக்கான சர்வதேசத் தரநிலை ஐஇசி 60664-1. கட்டடத்தின் நிலையான வயரிங்கில் நேரடியாக இணைந்தால் அதுவே 4000. மின்சாரம் கட்டடத்துக்குள் நுழையும் இடம் என்றால் 6000. இந்த எண்களை வைத்துத்தான் கிளியரன்ஸ் முடிவாகிறது, சர்க்யூட்டில் ஓடும் வோல்ட்டேஜை வைத்து அல்ல.

கிரீப்பேஜின் கதை வேறு. அது நொடியில் நடப்பதல்ல, வருடக்கணக்கில் நடப்பது. பரப்பில் தூசி படிகிறது, ஈரம் சேர்கிறது, மெல்லிய கசிவு மின்சாரம் ஓடுகிறது. ஓடும் இடம் காய்கிறது, காய்ந்த இடத்தில் நுண்ணிய பொறி, பொறி பட்ட இடத்தில் பிளாஸ்டிக் கரியாகிறது. கரி மின்சாரத்தைக் கடத்தும். இப்படி ஒவ்வொரு துளியாகக் கரிப்பாதை நீள்வதற்கு டிராக்கிங் என்று பெயர். இதை எந்தப் பொருள் எவ்வளவு தாங்கும் என்று அளப்பதுதான் சிடிஐ. சோதனை பார்ப்பதற்கு வேடிக்கையாக இருக்கும்: இரண்டு பிளாட்டினம் முனைகளை 4 மி.மீ. தள்ளிப் பொருளின் மேல் வைத்து, நடுவில் அரை நிமிடத்துக்கு ஒரு துளி அம்மோனியம் குளோரைடு கரைசல் சொட்ட விடுவார்கள். ஐம்பது துளி விழுந்தும் கரிப்பாதை உண்டாகாத அதிகபட்ச வோல்ட்டேஜ் எதுவோ அதுதான் அந்தப் பொருளின் மதிப்பெண். 600-ம் அதற்கு மேலும் வாங்கினால் முதல் வகுப்பு. நாம் எல்லோரும் பயன்படுத்தும் எஃப்ஆர்4 பலகை பெரும்பாலும் 175-ஐத் தாண்டித் தேறும், மூன்றாம் வகுப்பின் மேல் பிரிவு. மேசையில் இவ்வளவு கெட்டியாகத் தெரியும் பலகை இந்த விஷயத்தில் சுமாரான மாணவன்தான்.

சரி, முதல் வேலிக்கு வருவோம். இரண்டு பக்கமும் 24 வோல்ட்டுக்குள், மெயின்ஸ் கிடையாது, அடாப்டர் ஒழுங்கானது என்றால் இந்த வேலியின் வேலை இரைச்சலைத் தடுப்பது, கிரவுண்டு வழியாகச் சுற்றிவரும் மின்சாரத்தை (கிரவுண்டு லூப்) அறுப்பது, அவ்வளவே. உயிரைக் காக்கும் பொறுப்பு இதன் தலையில் இல்லை. இதைத்தான் ஃபங்ஷனல் இன்சுலேஷன் என்கிறார்கள். சாதாரண அலுவலகம், வீடு போன்ற சூழலில், 50 வோல்ட் வரைக்கும் பிசிபி பரப்புக்கு 60664-1 கேட்கும் கிரீப்பேஜ் 0.04 மி.மீ. மட்டுமே. பிசிபி தயாரிப்பவரே அவ்வளவு நெருக்கமாகக் கோடு போட்டுத் தரமாட்டார். "அரை மி.மீ. போதும்" என்று சொன்னவர் உண்மையில் தாராளமாகவே சொல்லியிருக்கிறார்.

ஆனால் இங்கே ஒரு பொடி வைத்த இடம் உண்டு. இரண்டு பக்கமும் 24 வோல்ட்தான் என்றால் அவற்றுக்கு நடுவிலும் 24 வோல்ட்தான் இருக்கும் என்று நினைக்கிறோம். எர்த்தோடு இணையாமல் மிதக்கும் சர்க்யூட்டில் அப்படி இல்லை. எர்த் பின் இல்லாத அடாப்டரின் அவுட்புட்டை எர்த்தோடு ஒப்பிட்டு மல்டிமீட்டரில் ஏசி அளந்து பாருங்கள், மெயின்ஸின் பாதி அளவுக்குக்கூடக் காட்டும். உள்ளே மெயின்ஸ் பக்கத்தையும் அவுட்புட் பக்கத்தையும் இணைக்கும் ஒய்-கெப்பாசிட்டர்தான் காரணம். 2.2 நானோஃபாரட் கெப்பாசிட்டர் வழியாக 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் அதிகபட்சம் 0.16 மில்லி ஆம்பியர் போகும். உலோகப் பெட்டியைத் தொட்டால் லேசாகச் சுரசுரவென்று இருக்குமே, அதுதான். ஆளைக் கொல்லாது. ஆனால் உங்கள் சென்சார் பக்கம் இப்படி மிதந்துகொண்டிருக்கும்போது, மைக்ரோ பக்கத்தை யூஎஸ்பி வழியாக எர்த் ஆன கம்ப்யூட்டரில் செருகினால், இரண்டுக்கும் நடுவே நிற்பது 24 வோல்ட் அல்ல, நூற்றுக்கு மேல். ஆகவே நான் இந்த வேலியை 24-க்குக் கணக்குப் போட மாட்டேன், 125 வோல்ட்டுக்குப் போடுவேன். அந்த வரிசையில் பிசிபிக்கான எண் 0.25 மி.மீ. நீங்கள் கேட்கும் 1 மி.மீ. அதைப்போல நான்கு மடங்கு. தாராளமாக வையுங்கள்.

இதே வேலியில் நடைமுறையில் தொல்லை கொடுப்பது இன்னொன்று, ஸ்டேடிக். உலர்ந்த நாளில் ஒருவர் சென்சார் கனெக்டரைத் தொட்டால் பல ஆயிரம் வோல்ட் இறங்கும். மிதக்கும் பக்கத்துக்கு அதை வடித்துவிட வழி இல்லாததால், அந்தப் பக்கம் முழுவதும் எகிறி, எங்கே இடைவெளி குறைவோ அங்கே பாய்ந்துவிடும். பெரும்பாலும் அது ஆப்டோகப்ளரின் கால்களுக்கு நடுவில் இருக்கும். இதற்காக இடைவெளியை 8 மி.மீ.க்கு அகற்றுவதைவிட, இரண்டு கிரவுண்டுக்கும் நடுவே ஒரு நானோஃபாரட் உயர்வோல்ட்டேஜ் கெப்பாசிட்டரும், பக்கத்திலேயே ஒரு மெக் ஓம் ரெசிஸ்டரும் வைப்பது என் வழக்கம். மின்னூட்டம் எங்கே போக வேண்டும் என்று நாமே வழி காட்டிவிடுகிறோம். இந்த உத்தி ஃபங்ஷனல் வேலிக்கு மட்டும்தான். மெயின்ஸைப் பிரிக்கும் வேலியின் குறுக்கே சாதாரண கெப்பாசிட்டரைப் போடவே கூடாது. அங்கே இரட்டைக் காப்புக்கு நிகராக ஏற்கப்படுவது ஒய்1 வகை.

"1000 வோல்ட் ஐசொலேஷன்" என்ற வாசகத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள். அது அந்த மாட்யூல் ஒரு வினாடியோ ஒரு நிமிடமோ தாங்கிய சோதனை வோல்ட்டேஜ். நாள் முழுக்க, வருடக்கணக்கில் 1000 வோல்ட் கொடுக்கலாம் என்று அர்த்தமே இல்லை. ஒரு வாட் அளவில் வரும் மலிவான மாட்யூல் ஒன்றை உடைத்துப் பார்த்தால், பட்டாணி அளவு ஃபெரைட் வளையத்தில் பிரைமரி கம்பியும் செகண்டரி கம்பியும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றியிருக்கும். நடுவில் இருப்பது கம்பியின் எனாமல் பூச்சு மட்டும். உங்கள் முதல் வேலிக்கு அது தாராளம். அதை நம்பி ஒரு பக்கத்தில் மெயின்ஸைக் கட்டக் கூடாது. டேட்டாஷீட்டில் "ரீஇன்ஃபோர்ஸ்டு" (இரட்டைக் காப்புக்குச் சமம்) என்ற சொல்லும், அது எத்தனை வோல்ட் தொடர் மின்னழுத்தத்துக்கு என்ற எண்ணும் இருந்தால்தான் அந்த வேலைக்கு ஆள் அது.

இனி இரண்டாவது வேலி, ரிலே. இங்கே ஒரு பக்கம் 230 வோல்ட், மறுபக்கம் கை படும் 24 வோல்ட். நடுவில் ஒரே ஒரு காப்பு மட்டும் இருந்து அது பழுதானால் ஆள் காலி. அதனால் இரண்டு காப்பு, அல்லது இரண்டுக்குச் சமமான ஒன்று கேட்கப்படும். கணக்கு இப்படிப் போகும். 250 வோல்ட் வரிசையில், சாதாரணச் சூழலில், எஃப்ஆர்4 வகுப்புப் பொருளுக்கு ஒற்றைக் காப்பின் கிரீப்பேஜ் 2.5 மி.மீ. இரட்டைக்கு அதை இரண்டால் பெருக்க வேண்டும், 5 மி.மீ. கிளியரன்ஸை மட்டும் இரண்டால் பெருக்குவதில்லை. சர்ஜ் எண்ணை ஒரு படி ஏற்றிப் பார்க்க வேண்டும். 2500-க்கு அடுத்த படி 4000. அதற்கான காற்றிடைவெளி 3 மி.மீ. நிலையான வயரிங்கில் இணையும் சாதனம் என்றால் 4000-க்கு அடுத்த 6000, அதற்கு 5.5 மி.மீ. அப்போது கிரீப்பேஜும் 5.5-க்குக் குறையக் கூடாது, ஏனென்றால் ஊர்ந்து போகும் வழி பறக்கும் வழியைவிடக் குறுகலாக இருக்க முடியாது.

அப்படியானால் அந்த 8 மி.மீ. எங்கிருந்து வந்தது? எனக்குத் தெரிந்து இரண்டு வழியில் வரும். தூசியும் ஈரமும் அதிகமான தொழிற்சாலைச் சூழலுக்கு, அட்டவணை மொழியில் பொல்யூஷன் டிகிரி 3, அதே எஃப்ஆர்4-க்கு ஒற்றைக் காப்பு 4 மி.மீ. இரட்டித்தால் 8. மருத்துவக் கருவிகளுக்கான ஐஇசி 60601-1-இலும் நோயாளியைக் காக்கும் இரட்டைப் பாதுகாப்புக்கு 250 வோல்ட்டில் கேட்பது 8 மி.மீ. கிரீப்பேஜ், 5 மி.மீ. கிளியரன்ஸ். பழைய வடிவமைப்பாளர்கள் வாயில் 6.4 என்று ஒரு எண் அடிக்கடி வரும், அது கம்ப்யூட்டர் சாதனங்களுக்கான பழைய 60950-1-இல் 300 வோல்ட் வரிசையின் 3.2-ஐ இரட்டித்தது. அந்தத் தரநிலையின் இடத்தை இப்போது 62368-1 எடுத்துக்கொண்டுவிட்டது, எண் மட்டும் பழக்கத்தில் நின்றுவிட்டது. எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் ஒரு எண்ணைப் பிடித்துக்கொள்வதில் ஒரு சங்கடம் உண்டு. தேவையில்லாத இடத்தில் போர்டு பெரிதாகும், தேவையான இடத்தில் போதாமல் போகும்.

பம்ப் என்று சொன்னீர்கள். பம்ப் இருக்கும் இடம் காய்ந்த அலுவலக அறையாக இருக்காது. பெட்டி நன்றாகச் சீல் ஆகி, உள்ளே நீர் கோக்காது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால் 5 அல்லது 5.5 மி.மீ. கணக்கில் போகலாம். சொல்ல முடியாவிட்டால் அந்த 8 மி.மீ. உங்களுக்காகவேதான். இந்த ஒரு முடிவை அட்டவணை எடுத்துத் தராது, இடத்தைப் பார்த்தவர்தான் எடுக்க வேண்டும். நானாக இருந்தால் 8 வைத்துவிட்டுத் தூங்குவேன்.

இப்போது ரிலேவைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். எங்கும் கிடைக்கும் அந்த நீல நிறச் சதுர ரிலே என்றே வைத்துக்கொள்கிறேன். ஐந்து கால்கள். ஒரு ஓரத்தில் காயிலின் இரண்டு கால்கள், அவற்றுக்கு நடுவே, கிட்டத்தட்ட ஒரே வரிசையில், மெயின்ஸ் வரும் பொதுக் கால். உயிரைக் காக்க வேண்டிய இடைவெளி இருப்பது இந்தக் கால்களுக்கு நடுவில்தான். துளையின் மையத்திலிருந்து மையத்துக்கு 6 மி.மீ. அளவில் இருக்கும். சோல்டர் செய்யும் செம்பு வட்டத்தை, அதாவது பேட்டை, 2.5 மி.மீ. விட்டத்தில் வைத்தால் செம்புக்கும் செம்புக்கும் மிஞ்சுவது 3.5. பிளக் போட்டு ஓடும் சாதனத்தின் கிளியரன்ஸுக்கு அது போதும், கிரீப்பேஜுக்குப் போதாது. மலிவான ரிலே போர்டுகளில் பொதுக் காலைச் சுற்றி லாட வடிவில் ஒரு வெட்டு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எறும்பைச் சுற்றிப் போகவைக்கும் வேலை அது. வெட்டு 1 மி.மீ. அகலமாவது இருக்க வேண்டும். அழுக்குச் சூழல் என்றால் 1.5. அதற்குக் குறைந்தால் தூசி அடைத்துவிடும் என்று கருதி, வெட்டே இல்லாததுபோல்தான் பொதுவாகக் கணக்கு. வெட்டின் இரு முனையையும் சுற்றி வரும் தூரத்தையும் அளக்க மறக்காதீர்கள். பலர் குறுக்கே அளந்துவிட்டு மகிழ்ச்சியாகப் போய்விடுவார்கள், எறும்போ ஓரத்தைச் சுற்றி வந்துவிடும். வெட்டு கிரீப்பேஜைத்தான் நீட்டும், கிளியரன்ஸை ஒரு மயிரிழைகூட நீட்டாது. 5.5-ஓ 8-ஓ வேண்டும் என்றால் இந்த ரிலே உதவாது. காயில் கால்கள் ஒரு கோடியிலும் கான்டாக்ட் கால்கள் மறுகோடியிலும் இருக்கும் நீளமான வகை கிடைக்கிறது, அதற்கு மாறுங்கள். ஆப்டோகப்ளரை மெயின்ஸ் வேலியில் வைக்கிறவர்களுக்கும் இதே கதைதான்: கால் வரிசைகளுக்கு நடுவே 7.62 மி.மீ. இருந்தாலும், பேட்டின் அகலம் கழிந்த பிறகு கையில் நிற்பது 6 சொச்சம்.

திரையில் அளந்த தூரம் கையில் வரும்போது குறைந்துபோவதை நான் பட்டுத்தான் கற்றேன். ஒரு போர்டில் 9 மி.மீ. அகலத்துக்கு வெறும் பட்டை விட்டிருந்தேன், எல்லாம் சரி என்று நிம்மதியாக இருந்தேன். மெக்கானிக்கல் பக்கத்தில் இருந்தவர் பலகை ஆடுகிறது என்று அந்தப் பட்டைக்குள்ளேயே ஒரு திருகு வைத்துவிட்டார். திருகுக்கு அடியில் 6 மி.மீ. வாஷர். உலோகம் எதனோடும் இணையாமல் மிதந்தாலும் அந்த 6 மி.மீ. கணக்கில் போய்விடும், மிச்சம் இரண்டு பக்கமும் ஒன்றரை ஒன்றரை, மொத்தம் மூன்று. சோதனைக்கூடத்தில் ஒரு ஸ்டீல் ரூலரை வைத்து அரை நிமிடத்தில் கண்டுபிடித்தார்கள். வரைபடத்தில் அந்தத் திருகு ஒரு வெள்ளை வட்டம், அவ்வளவுதான், இடைவெளிகளைச் சரிபார்க்கும் மென்பொருளின் விதிச் சோதனைக்கு அது கண்ணில் படவே இல்லை. அன்றிலிருந்து முதல் போர்டு வந்ததும் முழுதாகப் பூட்டி, திருகு, வாஷர், ஹீட்சிங்க், கேபிள் எல்லாம் போட்ட பிறகுதான் அளக்கிறேன். கேபிளைச் சொன்னதால் இதையும் சேர்த்துவிடுகிறேன்: மெயின்ஸ் வயர் சோல்டரிலிருந்து விட்டுக்கொண்டால் 24 வோல்ட் பக்கத்தில் போய் விழக் கூடாது. வயரை சோல்டர் மட்டுமே பிடித்திருக்கும் நிலை வேண்டாம், இரண்டாவதாக ஒரு கட்டோ கிளிப்போ இருக்கட்டும். 8 மி.மீ. விட்ட போர்டின் மேல் அறுந்த வயர் கிடந்தால் அந்த 8 மி.மீ.க்கு என்ன மதிப்பு?

ஹை-பாட் சோதனையில் (காப்பின் குறுக்கே உயர் வோல்ட்டேஜ் கொடுத்துப் பார்ப்பது) தேறிவிட்டது, ஆகவே இடைவெளி போதும் என்று ஒருவர் உங்களுக்குச் சொல்லக்கூடும். சொல்வார்கள், எனக்கும் சொன்னார்கள். 230 வோல்ட் இரட்டைக் காப்புக்கு வழக்கமாகக் கொடுப்பது 3000 வோல்ட் ஏசி, ஒரு நிமிடம். சுத்தமான, காய்ந்த, புதுப் போர்டு கிரீப்பேஜ் போதாமலேயே அதில் தேறிவிடும். கம்பி உரிந்தது, சோல்டர் வழிந்தது, டிரான்ஸ்ஃபார்மரில் டேப் சுற்ற விட்டுப்போனது போன்ற தயாரிப்புக் குறைகளைப் பிடிக்கத்தான் அந்தச் சோதனை. ஐந்தாவது வருடத்தில் தூசியும் ஈரமும் சேர்ந்து என்ன செய்யும் என்று அதற்குத் தெரியாது. இடைவெளியை அளந்துதான் பார்க்க வேண்டும்.

24 வோல்ட் என்பதால் ஷாக் இல்லை, சரி. தீ? இதை யாரும் கேட்பதில்லை. ஒருமுறை ஈரமான பெட்டியிலிருந்து திரும்பி வந்த போர்டு ஒன்றைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். 24 வோல்ட் உள்ளே நுழையும் இடத்தில், ஃபியூஸுக்கு முன்னால், பாசிட்டிவ் கோட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 0.3 மி.மீ. விட்டிருந்தார்கள். கழுவாமல் விட்ட ஃப்ளக்ஸ் அங்கே பழுப்பாகப் படிந்து, அதன் ஓரத்தில் பச்சை பூத்திருந்தது. பச்சைக்கு நடுவே, சுண்டுவிரல் நகம் அளவுக்குப் பலகை கரிந்து ஓட்டை விழுந்திருந்தது. ஓட்டையின் விளிம்பில் கண்ணாடி இழைகள் வெள்ளை வெள்ளையாக நீட்டிக்கொண்டிருந்தன. அந்த சப்ளை பத்து ஆம்பியர் தரக்கூடியது. ஃபியூஸுக்கு முன்னால் நடந்ததால் ஃபியூஸ் எதையும் அறியவில்லை. ஆகவே உங்கள் போர்டில் ஃபியூஸை இன்புட் கனெக்டரை ஒட்டியே வையுங்கள், அதற்கு முன்னால் இருக்கும் சின்னத் துண்டில் மட்டும் 1 மி.மீ.க்குக் குறையாமல் விடுங்கள். முதல் வேலியைவிட இந்த இடத்துக்குத்தான் அதிக கவனம் தகும் என்பேன். இது எந்த அட்டவணையிலும் உள்ள எண் அல்ல, என் அனுபவக் கணக்கு.

அப்புறம், உறுதியாகச் சொல்ல முடிந்தவற்றிலிருந்து வாதத்துக்குரியவற்றைப் பிரித்துவிடுகிறேன். பச்சை சோல்டர் மாஸ்க்கை மெயின்ஸ் வேலியில் காப்பாக எண்ணக் கூடாது, அதில் சந்தேகமே இல்லை. அதில் ஊசித்துளையும் கீறலும் சகஜம். மேலே கோட்டிங் பூசினால் இடைவெளியைக் குறைக்கலாமா என்பது இடத்துக்கு இடம் மாறும். ஐஇசி 60664-3 சொல்லும் சோதனைகளைத் தாண்டிய கோட்டிங் என்றால் குறைக்க வழி உண்டு. ஸ்ப்ரே கேனில் அடித்ததை எந்தச் சோதனைக்கூடமும் அப்படி ஏற்றுக்கொண்டு நான் பார்த்ததில்லை. ஈரத்துக்கு நல்லது என்று பூசுங்கள், கணக்கில் சேர்க்காதீர்கள். உயரமும் ஒரு விஷயம்: அட்டவணையின் கிளியரன்ஸ் எண்கள் 2000 மீட்டர் வரைக்கும்தான். மேலே போகப் போகக் காற்று மெலிந்து சீக்கிரம் உடையும். 3000 மீட்டரில் 1.14-ஆலும், 5000-இல் 1.48-ஆலும் கிளியரன்ஸைப் பெருக்க வேண்டும். கிரீப்பேஜுக்கு இந்தப் பெருக்கல் இல்லை.

இவ்வளவும் ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: அந்த அடாப்டர். உங்கள் 24 வோல்ட்டைத் தொடத் தகுந்ததாக ஆக்குவது 24 என்ற எண் அல்ல, அடாப்டருக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரும் அதற்கடியில் விட்டிருக்கும் இடைவெளியும்தான். 60 வோல்ட் டிசிக்குள் இருந்தால் பாதுகாப்பு என்று படித்திருப்பீர்கள். மெயின்ஸிலிருந்து இரட்டைக் காப்பால் பிரிந்து, ஒரு பழுது வந்த பிறகும் அந்த எல்லைக்குள் நிற்கும் சர்க்யூட்டுக்குத்தான் அது பொருந்தும். பெயரும் சான்று முத்திரையும் இல்லாத அடாப்டராக இருந்தால் மேலே போட்ட கணக்கெல்லாம் முதல் வரியிலேயே கலைந்துவிடும்.

உங்கள் போர்டுக்கு நான் செய்வது இதுதான். சென்சாருக்கும் மைக்ரோவுக்கும் நடுவே 1 மி.மீ., கூடவே அந்தக் கெப்பாசிட்டரும் ரெசிஸ்டரும். ரிலேவை நீளமான வகைக்கு மாற்றிப் பலகையின் ஓரத்துக்குத் தள்ளி, மெயின்ஸ் செம்பு முழுவதையும் அந்த மூலையிலேயே முடித்து, மற்ற எல்லாவற்றிலிருந்தும் 8 மி.மீ. ரிலேவுக்கு அடியிலும், அந்த 8 மி.மீ. பட்டைக்குள்ளும் எந்த லேயரிலும் கிரவுண்டு செம்பு ஓடக் கூடாது. லேஅவுட் மென்பொருளில் கிரவுண்டை ஊற்றும்போது அது சத்தமில்லாமல் உள்லேயரில் நுழைந்துவிடும், பிசிபி தயாரிப்பவருக்கு அனுப்பும் கெர்பர் ஃபைலை ஒவ்வொரு லேயராகத் திறந்து பாருங்கள். முதல் முறை மெயின்ஸ் கொடுப்பதற்கு முன் ரிலேவின் கால்களைப் படம் எடுத்து, பக்கத்தில் ஒரு ஸ்கேலும் வைத்து, இங்கே போட்டால் பார்த்துச் சொல்கிறேன்.